குருவம்மாள் வீட்டை விற்ற கதை

குருவம்மாள் செத்து, தூக்கிப்போட்டு, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, பந்தல்காரர்கள் தகரத்தைப் பிரித்துக்கொண்டு போன மறுநாள் காலையில் எழுந்து வழக்கம்போல வாசல் தெளித்துக் கோலம் போட்டாள், கோலத்தை முடித்துவிட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள், பால்காரர் வந்ததும் அவர் கையிலிருந்த படியை வாங்கி அடியில் நசுங்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், அவரும் வழக்கம்போல, "நசுங்கலைத்தா, ஒங்களுக்கு ஊத்துறதுக்குன்னே புதுசு வாங்குனது" என்று பொய் சொல்லிப் பாலை ஊற்றிவிட்டுப் போனார். அடுத்த தெருவுக்குப் போன பிறகுதான் அந்த அம்மாளுக்கு வாய்க்கரிசி போட்டவர்களில் தானும் ஒருவர் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அதற்காகத் திரும்பிப் போய்ப் பாலைக் கேட்கவா முடியும்?

சாத்தூர் மேட்டுக்குழாய்த் தெருவுக்கு இதில் பெரிய சங்கடம் ஒன்றும் இல்லை. முதல் நாள் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது, அந்த வாரம் முடிவதற்குள் தெரு தன் சோலியைப் பார்க்கப் போய்விட்டது, ஏனென்றால் குருவம்மாள் செத்த பிறகும் குருவம்மாளாகவே இருந்தாள், கைமாற்று கேட்டு வந்தவளிடம் இல்லையென்று சொன்னாள், கீரைக்காரியிடம் கட்டைப் பிரிக்கச் சொல்லி நடுவில் வாடலை ஒளித்திருக்கிறாளா என்று பார்த்தாள், குழாயில் தண்ணீர் வந்த நாளில் தன் குடத்தை எவளோ பின்னால் தள்ளி வைத்துவிட்டாள் என்று சண்டைக்குப் போனாள். ரேஷன் கடை மிஷினில் அவள் விரலை வைத்தால் ரேகை விழவில்லை. உயிரோடு இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கும் விழுவதில்லை என்பதால் கடைக்காரர் அதைப் பொருட்படுத்தாமல் சீனியை நிறுத்துப் போட்டார். பாடை தூக்கிய நான்கு பேரில் ஒருவரை டீக்கடையில் நிறுத்திக் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "தூக்குனதும் நெசந்தான், இப்ப உக்காந்திருக்கதும் நெசந்தான். ரெண்டுல எதை நான் இல்லைங்கிறது?"

குருவம்மாளைக் கேட்டால், தான் செத்ததாக எவர் சொன்னது என்று திருப்பிக் கேட்டாள். வீட்டை விற்கிற அவசரத்தில் மகள்தான் நகராட்சியில் எதையோ சொல்லி இறப்புச் சான்றிதழ் வாங்கிவிட்டாள் என்பது அவள் கட்சி.

அந்த மகள் வேலுத்தாய் அதே வீட்டுக்குள்தான் இருந்தாள். தெருவில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த குருவம்மாள் அவள் ஒருத்தி கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. எழுந்து வந்து பார்த்தால் கோலம் கிடந்தது, நாற்காலி கிடந்தது, செம்பில் பால் இருந்தது. இது எதிர்வீட்டுப் பாண்டித்தேவி வேலை என்று வேலுத்தாய் நினைத்தாள். தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவள் இந்த வீட்டின் மேல் கண் வைத்திருப்பாள், பேய் வீடென்று பேரைக் கட்டிவிட்டால் விலை இறங்கும், இறங்கிய பிறகு ஆள் வைத்து வாங்கிக்கொள்வாள் என்று அடுப்பைப் பற்ற வைப்பதற்குள் முழுக் கணக்கையும் போட்டு முடித்துவிட்டாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் அவளுக்கு வேலை. ஆயிரம் பனியனைத் தொட்டு எதில் ஓட்டை, எதில் பிசிர், எதில் எண்ணெய்க் கறை என்று தள்ளித் தள்ளிப் பழகிய கண், ஞாயிற்றுக்கிழமைகளிலும் லீவு எடுத்துக்கொள்வதில்லை.

வீடு குருவம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் உழைத்துக் கட்டியது. புருஷன் போன பிறகு அதை மகள் பேருக்கே செட்டில்மெண்ட் எழுதி வைத்தாள். எழுதினாளே தவிர, ஒரு ஷரத்து வைத்தாள். என் ஆயுள் உள்ளவரை வீட்டில் நானே இருந்து அனுபவித்து வருவேன், அதுவரை விற்கவோ அடகு வைக்கவோ யாருக்கும் வாடகைக்கு விடவோ என் மகளுக்கு உரிமை கிடையாது, என் ஆயுளுக்குப் பிறகு அவள் சர்வ சுதந்திரமாக ஆண்டுகொள்ள வேண்டியது. இதைப் பத்திரம் எழுதுகிறவர் சார்பதிவாளர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் நாலு பேர் கேட்க உரக்க வாசித்தார். ஒரே மகள் தன்னை வெளியே தள்ளிவிடுவாள் என்று பெற்றவளே பயந்து எழுதி வைத்திருக்கிறாளே என்று வேலுத்தாய்க்கு முகம் சுண்டிப்போனது. கையெழுத்தைப் போட்டாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, இப்போது சாவுக்கு வந்து தங்கியிருக்கும்போதும் கடையில் வாங்கிய கேன் தண்ணீர்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவாள், பையில் தன் தண்ணீர் பாட்டில் இருக்கும், அம்மா காப்பி கொடுத்தால் வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போவாள், கருவேப்பிலை மரத்தடியில் ஊற்றிவிட்டுக் காலி டம்ளரோடு திரும்புவாள். ஏன் அப்படி எழுதினாய் என்று மட்டும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒருநாளில் முடிந்திருக்கும். வைராக்கியத்தில் தாயும் மகளும் ஒரே அச்சு.

இப்போது அவள் வீட்டை விற்றே ஆக வேண்டும். புருஷன் கேரளாவுக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான், பிள்ளை இல்லை, திருப்பூரில் இருந்த லைன் வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி உரிமையாளர் காலி செய்யச் சொல்லிவிட்டார். கம்பெனிக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. ஓர் அறை, ஓர் அடுப்படி, தன் பேரில் ஒரு கதவு. இனி எவரும் காலி பண்ணு என்று சொல்ல முடியாத ஒரு கதவு. அவள் ஆயுளில் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வாங்க வந்தவர் சேவுக்கடை ஞானதுரை. வீட்டைச் சுற்றிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், முன்னறைக்கு வந்ததும் சட்டென்று தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மூலையில் கிடந்த காலி நாற்காலியைப் பார்த்து, "சௌக்கியமா இருக்கீகளா?" என்றார். பிறகு கொஞ்ச நேரம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்க", "இல்லைங்க", "அப்படியெல்லாம் செய்வமாங்க" என்று பதிலும் சொன்னார். வேலுத்தாய் நாற்காலியைப் பார்த்தாள், ஞானதுரையைப் பார்த்தாள். விலையை இறக்க எத்தனையோ ஆட்கள் எத்தனையோ வித்தை காட்டி அவள் பார்த்திருக்கிறாள். இது புதுசு.

"தங்கச்சி, காகிதத்துக்கு ஒங்க சர்ட்டிபிகேட் போதும், ரிஜிஸ்டர் ஆயிரும்" என்றார் ஞானதுரை வாசலுக்கு வந்ததும். "ஆனா உரிமைப்பட்ட மனுஷி கண்ணு முன்னால உக்காந்திருக்கப்ப நான் எப்படி வந்து பால் காய்ச்ச? ஒண்ணு அவக முறையாப் போய்ச் சேரணும். இல்ல, அவகளாவே சம்மதிச்சு எந்திரிச்சு வெளிய வரணும். விலையில நான் ஒரு ரூவா கொறைக்கல."

விலையைக் குறைக்கவில்லை என்றதும்தான் வேலுத்தாய்க்கு இன்னும் சந்தேகம் வந்தது.

அவள் தன் வழியில் சோதித்துப் பார்த்தாள். பாண்டித்தேவியைத் தனியாக, கீரைக்காரியைத் தனியாக, இஸ்திரி போடுகிறவரைத் தனியாக நிறுத்தி, அம்மா என்ன சேலை கட்டியிருக்கிறாள் என்று கேட்டாள். ஊதாவில் வெள்ளைப் பூப்போட்ட நூல் சேலை என்று மூன்று பேரும் சொன்னார்கள். முந்தானையில் சுருக்குப்பை செருகியிருப்பதாகவும் சொன்னார்கள். வேறு வேறு சொல்லியிருந்தால் பொய்யென்று விட்டிருப்பாள். மூன்றும் ஒன்றாக இருந்ததால் சொல்லிக்கொடுத்த பாடம் என்று முடிவு கட்டினாள். பண்டல் முழுக்க ஒரு பிசிறும் இல்லாமல் வந்தால் அந்தப் பண்டலைத்தான் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது செக்கிங்கில் முதல் பாடம்.

"எதுக்கு மதினி இப்படி மறிச்சு மறிச்சுக் கேக்கீக?" என்றாள் பாண்டித்தேவி. "எங்க கண்ணு பொய் சொல்லுமா?"

"கண்ணு சொல்லாது. வாய் சொல்லும். இந்த வீட்டால ஒரு காசு ஆதாயமில்லாத ஆள் ஒருத்தர் வந்து சொல்லட்டும், நம்புறேன்."

தெருவில் அப்படி ஓர் ஆள் இல்லை என்பது அவள் கணக்கு. இவர்கள் யாருமே தன்னிடமிருந்து ஒரு பைசா வாங்கியதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் ராத்திரி கதவைச் சாத்திவிட்டுப் படுக்கிறபோது அந்த நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் படுத்தாள். விடிந்து பார்த்தால் அது வாசலைப் பார்த்துக் கிடந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் அந்த வீட்டில் எதுவும் அசைவதில்லை.

இப்படியே போயிருக்கும். நடுவில் ஞானதுரை ஒரு வார்த்தை விட்டார். வீடு தன் கைக்கு வந்ததும் முன்பக்கம் போர் போடப்போவதாகவும், தெருவுக்கென்று வெளியே ஒரு குழாய் வைக்கப்போவதாகவும் சொன்னார். மேட்டுக்குழாய்த் தெருவில் மேடு உண்டு, குழாய் உண்டு, தண்ணீர்தான் எப்போதாவது. அதுவரை வாய்க்கு வாய் அத்தை அத்தை என்று உருகிக்கொண்டிருந்த தெரு, அத்தை எத்தனை நாள்தான் இப்படி அல்லாடுவாக என்று கவலைப்பட ஆரம்பித்தது. காரணமும் கிடைத்தது. பாடை தூக்குகிற நேரத்தில் வாய்க்கரிசி போட மகளைக் கூப்பிட்டார்கள், மகள் உள்ளறையில் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டில் நாலு பேர் போக வர இருக்கையில் பத்திரத்தை எவராவது உருவிவிடக் கூடாதே என்ற பயம். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வருவதற்குள் பாடை தெருமுனை தாண்டிவிட்டது. ஊரே போட்டது, மகள் கை அரிசி விழவில்லை. அதனால்தான் போகவில்லை, அதனால்தான் மகள் கண்ணுக்கும் தெரியவில்லை என்று தெரு ஒரே மனதாகச் சொன்னது.

"ஒரு பிடி அரிசி, மதினி. போட்டுட்டா அவகளும் நிம்மதியாப் போயிருவாக, ஒங்க காரியமும் முடியும்" என்றாள் பாண்டித்தேவி. அந்த ஒரு பிடியில் தெருவுக்குத் தண்ணீரும் வரும் என்பதை அவள் சொல்லவில்லை.

நம்பாவிட்டாலும் நஷ்டமில்லை என்று வேலுத்தாய் ஒத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் முன்னறை நிறைய ஆட்கள், வாசல் நிறைய ஆட்கள், ஞானதுரை குளித்துத் திருநீறு பூசி ஓரமாக நின்றார், பாண்டித்தேவி அரிசியை நனைத்து முறத்தில் கொண்டுவந்தாள். வேலுத்தாய் ஒரு பிடி அள்ளினாள். முன்னால் காலி நாற்காலி.

"வாய் எங்க?"

"இன்னும் கொஞ்சம் மேல. அந்தா, அங்கனதான்."

"பாக்காக. ஒங்களைத்தான் பாக்காக."

"போடுத்தா, நேரமாகுது."

"எதுக்கு யோசிக்க? போடு, போடு."

அத்தனை பேரும் ஒரே குரலில் அவசரப்படுத்தினார்கள். அவசரப்படுத்துகிறவனிடம் சாமான் வாங்காதே என்று குருவம்மாள் ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது வேலுத்தாய்க்கு அப்போது ஞாபகம் வந்தது. கையை நீட்டியபடியே சுற்றிலும் பார்த்தாள். ஏன் இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்? காலி நாற்காலிக்கு அரிசி போடுவதற்கு இவ்வளவு கூட்டமா? ஒன்றுமே இல்லையென்றால் எதை அனுப்பி வைக்க இவர்கள் இப்படித் துடிக்கிறார்கள்? இத்தனை நாளும் அம்மா இல்லை என்று அவளைச் சாதிக்க வைத்த அதே சந்தேகம், இப்போது ஒருவேளை இருக்கிறாளோ என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தியது. இல்லாதவளுக்குப் போட்டால் வெறும் அரிசி. இருக்கிறவளுக்குப் போட்டால் அது மகள் தாயை வீட்டை விட்டுத் துரத்துவது. எதற்குப் பயந்து அந்த ஷரத்தை எழுதினாளோ அதையேதான் செய்ததாக ஆகும்.

அவள் பிடியை மூடிக்கொண்டாள்.

"எம்மா, எதுக்கு அப்படி எழுதுன?" என்றாள் நாற்காலியைப் பார்த்து. "என்னைய நம்பலையா?"

கூட்டம் நாற்காலிப் பக்கம் காதைக் கொடுத்தது. பாண்டித்தேவிதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"நம்பலைதான்ங்கிறாக. யாரைத்தான் நான் நம்புனேன், பால்காரனை நம்புனனாங்கிறாக. ஒருத்தர் வீட்டுல ஒண்டிக் கெடக்க எனக்குத் தெரியாது, எழுதிக் குடுத்த அன்னைக்கே மக வீட்டுல இருக்கவளா ஆயிருவனேன்னு பயந்து எழுதுனேன்ங்கிறாக." பாண்டித்தேவி நிறுத்தினாள். "இன்னொண்ணு என்னமோ சொல்றாக, எனக்கு வெளங்கல. கருவேப்பில மரத்துக்கு நான் ஒருநாளும் தண்ணி ஊத்துனதில்ல, அது எப்படித் தழைஞ்சுச்சுன்னு எனக்குத் தெரியும்னு ஒங்ககிட்டச் சொல்லச் சொல்றாக."

வேலுத்தாய் முறத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கொல்லைச் சுவர் உயரம். எதிர்வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. தெரியாதுதானா என்று மறுபடி ஒரு கணக்கு உள்ளே ஓடத்தான் செய்தது. ஓடினாலும் அழுகை அதற்கு முன்னால் வந்துவிட்டது. அத்தனை வருஷமும் காலி டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அடுத்த தடவையும் காப்பி கொடுத்தாளே.

ஈர அரிசியை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"இது ஒலைக்கு. வாய்க்கு இல்ல" என்றாள். "எம்மா, எனக்கு அந்த வீடு வேணும். வாடகைக்குக் கெடந்து கெடந்து அலுத்துப்போச்சு. இதை வித்தாத்தான் அதை வாங்க முடியும். நீயும் கூட வா."

நாற்காலிக்கும் பாண்டித்தேவிக்கும் நடுவே ஏதோ பேச்சு நடந்தது. பாண்டித்தேவி வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அந்த வீட்டுல குழாய்ல தண்ணி வருமான்னு கேக்காக. வந்தா, ஆயுள் உள்ளவரைக்கும் இருந்துக்கலாம்னு பத்திரத்துல எழுதித் தருவியாங்கிறாக."

செத்தவளுக்கு ஆயுள் உள்ளவரை என்று எழுதிக் கொடுத்தால் அது எந்தக் காலத்தில் முடியும் என்று ஞானதுரை யோசிக்க ஆரம்பித்தார். வேலுத்தாய் யோசிக்கவில்லை.

"தண்ணி வரும். எழுதித் தர மாட்டேன். நம்பி வர்றதுன்னா வா."

எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அத்தை வாயைத் தெறக்கல, சும்மா இருக்காக என்றாள் பாண்டித்தேவி. கூட்டம் கலைந்தது. குருவம்மாள் அடுத்து வந்த நாட்களில் பாலுக்கும் உட்காரவில்லை, குழாயடிக்கும் போகவில்லை, முன்னறையில் நாற்காலியிலேயே தாடையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். யாரையும் நம்பாத மனுஷிக்கு, எழுத்தில்லாமல் ஒருத்தியை நம்பிப் போவதா என்று முடிவு செய்வது சின்ன வேலை இல்லை.

கிரயம் குறித்த அன்று காலையில் வேலுத்தாய் துணிமணிகளை இரண்டு பைகளில் கட்டினாள். அடுப்படியில் அம்மாவின் பானையிலிருந்து தன் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள். வீட்டைப் பூட்டச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றபடி, உள்ளே பார்த்து, "நேரமாச்சும்மா" என்றாள். முன்னறையில் ஒன்றும் அசையவில்லை. தெருவே நின்றது, ஞானதுரை நின்றார், ஆட்டோ நின்றது. அப்புறம் வாசலில் நின்றிருந்த பெண்கள் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக விலகி வழிவிட்டார்கள், கீரைக்காரி கூடையை ஒதுக்கினாள், பாண்டித்தேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "போயிட்டு வாங்கத்தை" என்றாள், ஞானதுரை தோள் துண்டை எடுத்தார். வேலுத்தாய் கண்டதெல்லாம் விலகிய ஆட்களையும் நடுவே வெறும் வெயிலையும்தான். தண்ணீர்க் குழாய்க்காக இவர்கள் எதையும் செய்வார்கள் என்று அவள் மனசு அப்போதும் சொன்னது. அம்மா உள்ளேயே உட்கார்ந்திருக்க, ஆட்கள் கூத்துக் கட்டுகிறார்களோ, நான் அவளை வைத்துப் பூட்டிவிட்டேனோ என்ற பயத்தோடு பூட்டினாள், பயத்தோடு ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்து மீதி இடத்தைக் காலியாக விட்டாள், பயத்தோடு சார்பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

மத்தியான வெயிலில் பஸ் ஸ்டாண்டில் மதுரை பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. வேறு ஏதோ ஊரிலிருந்து வரும் பஸ். இரண்டு பேர் சீட் ஒன்று காலியாக இருந்தது. வேலுத்தாய் ஜன்னலோரத்தை விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்து பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டாள். பஸ் ஊரைத் தாண்டியது. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டாக வந்தார். இளவயசு, அவள் அதற்கு முன் பார்த்திராத முகம். அவரும் அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"எங்க?"

"மதுரை."

"ரெண்டும் மதுரைதான?" என்றார் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே. "அம்மாவுக்கு மொகம் வேர்த்துக் கெடக்கு பாருங்க. ஜன்னலைத் தெறந்துவிடுங்கக்கா, காத்து வரட்டும்."

அவள் எழுந்து கண்ணாடியைத் தள்ளித் திறந்துவிட்டாள். இரண்டு டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுத்தாள். கண்டக்டர் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார், அந்த மனிதருக்கு மேட்டுக்குழாய்த் தெருவும் தெரியாது, சேவுக்கடையும் தெரியாது, போரும் தெரியாது. வேலுத்தாய் பையிலிருந்து பாட்டிலை எடுத்தாள். அம்மா வீட்டுப் பானைத் தண்ணீரை அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இரண்டு மடக்குக் குடித்தாள், மூடியைப் போடாமலே பாட்டிலைப் பக்கத்தில் நீட்டிப் பிடித்து, "குடிம்மா" என்றாள்.

பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பாட்டிலின் கனம் குறைகிற மாதிரி இருந்தது, பஸ் ஆட்டத்தில் கை அசந்ததாகவும் இருக்கலாம். பார்த்தால் தெரிந்துவிடும். ஆயிரம் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கண் அது. விருதுநகர் தாண்டி, திருமங்கலம் தாண்டி, மதுரை வந்து சேருகிறவரை அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.